நோன்பு நாளில் ஒரு பகல் சோறு

சர்வதேச உறவுகள் படிக்கிறேன் என்று ஊரில் சொன்னால் முதலில் என்னிடம் கேட்பது விசாவைப் பற்றித்தான். போன பெருநாளுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஒரு பெண் என்னைப் பிடித்து நிறுத்தி, தன் மகனுடைய கட்டார் விசா ஏன் இழுபடுகிறது என்று விளக்கம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப இவ்வளவு காலமும் கொழும்பில என்னத்தைப் படிச்ச நீ?" என்றார். நியாயமான கேள்விதான். நானும் அதைச் சில நேரம் என்னிடமே கேட்பதுண்டு.

பல்கலைக்கழகத்தில் இதே கேள்வியை மடிப்புக் கலையாமல் கேட்பார்கள். பொதுச் சேவையில் உங்களுக்கு நாட்டம் வந்தது எப்படி, வெளிவிவகாரத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று. அதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அயல்நாடு, கடல், இரு கரை மக்கள், சமாதானம் என்று அது அழகாகப் போகும். சொல்லிக்கொண்டு போகும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிடும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையான காரணம் அதற்குள் வராது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நோன்பு மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், எங்கள் ஊர்க் கடற்கரையில் இரண்டு இந்திய மீனவர்கள் பகல் சோறு சாப்பிட்டார்கள். காரணம் அதுதான். இதை ஒரு நேர்முகப் பரீட்சையில் எப்படிச் சொல்வது?

எங்கள் ஊர் மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் இருக்கிறது. உம்மாவும் வாப்பாவும் சிறு பிள்ளைகளாக இருந்தபோது ஊரோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்தவர்கள். நானும் அங்கேதான் பிறந்தேன். போர் முடிந்தபின் திரும்பி வந்து, இடிந்த வீட்டைத் தகரம் போட்டு எழுப்பி, வாப்பா ஒரு பைபர் படகும் வாங்கித் தொழில் தொடங்கி, மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த வருடம் சித்திரை மாதத்தில் வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. படகைச் சும்மா போட்டுவைப்பானேன் என்று உம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு கூட்டாளியோடு அதைக் கடலுக்குக் கொண்டுபோனார். நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிட்டது. கொண்டல் காற்று அவர்களை மேற்கே தள்ளிக்கொண்டுபோய் இந்தியக் கரையில் விட்டது. அங்கே அவர்களைப் பிடித்து வைத்துவிட்டார்கள். ராமேஸ்வரத்தில் ஆள் தெரிந்த ஒருவர் தொலைபேசியில் சொல்லித்தான் எங்களுக்குச் செய்தியே கிடைத்தது. உயிரோடு இருக்கிறார்கள், மறியலில், அதாவது சிறையில், இருக்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

கடலுக்குள் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது என்பதை நான் அறிந்துகொண்டது அப்போதுதான். தண்ணீரில் எப்படிக் கோடு போடுவது என்று வாப்பாவிடம் கேட்டேன். அது கண்ணுக்குத் தெரியாது என்றார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தாண்டியதற்காக மாமாவைப் பிடித்தது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. இன்றைக்கு அந்தக் கோட்டைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அநியாயம் என்ற எண்ணம் மட்டும் முழுதாகப் போகவில்லை.

உம்மா அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளையோடு போனால் இருக்கக் கதிரை தருவார்கள் என்பது அவருடைய கணக்கு. தந்தார்கள்தான். மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் சரி, கடற்றொழில் கந்தோரிலும் சரி, ஒருவரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ஆனால் கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

"இது ரெண்டு நாட்டு விசயம் அம்மா. எங்கட கையில இல்ல. கொழும்பில அதுக்கெண்டு ஒரு அமைச்சு இருக்கு, அங்க கேளுங்கோ."

கொழும்புக்கு உம்மா தொலைபேசி எடுப்பார். மணி அடித்துக்கொண்டே இருக்கும். அந்த அமைச்சை நான் ஒரு பெரிய மேசையாகவும், மேசையில் ஒரு தொலைபேசியாகவும், முன்னால் ஒரு வெறுங்கதிரையாகவும் மனதில் வரைந்து வைத்திருந்தேன். யாராவது ஒருவர் வந்து அந்தக் கதிரையில் இருந்து தொலைபேசியை எடுத்தால் மாமா வந்துவிடுவார். விசயம் அவ்வளவுதான். பெரியவர்கள் ஏன் இதை இவ்வளவு சிக்கலாக்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வளர்ந்தால் நானே போய் இருந்துகொள்ளலாம் என்று ஒருநாள் பஸ்ஸில் வரும்போது உம்மாவிடம் சொன்னேன். உம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பேசாமல் படு என்பதற்கும் அதே சைகைதான், ஆகவே அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்குள் வேறொரு பிரச்சினை இருந்தது. மாமாவின் மனைவி, என் மாமி, தீவிலேயே உள்ள தாராபுரத்துப் பெண். எங்களோடு ஒரே வளவுக்குள் அடுத்த வீட்டில் இருந்தார். மாமா பிடிபட்ட செய்தி வந்த அன்று, "உங்கட மாப்பிள்ளைக்குப் பதிலா என்ர மாப்பிள்ளை மறியலுக்குப் போயிருக்கிறார்" என்று உம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனால் கிணறு ஒன்று, அம்மி ஒன்று, கோழிக்கூடு ஒன்று. பேசாமல் எப்படி முடியும்? ஆகவே நான் நடுவில் ஓடினேன். "அம்மியைக் கழுவி வைக்கட்டாம்" என்று இந்தப் பக்கம் சொல்வேன். "கழுவித்தான் கிடக்காம்" என்று அந்தப் பக்கம் கொண்டுபோவேன். கழுவித்தான் கிடக்கு என்று சொல்லும்போது மாமி போட்ட அழுத்தத்தை நான் வழியிலேயே இறக்கிவிடுவேன். என் முதல் தூதர் உத்தியோகம் அது. சம்பளம் கிடையாது.

இப்படி இருக்கும்போது நோன்பு வந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசும் காலம். அந்த வெள்ளிக்கிழமை காலை, வேறொருவருடைய படகில் கூலிக்குப் போயிருந்த வாப்பாவும் மற்றவர்களும் ஒரு படகை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். இஞ்சின் நின்று இரவு முழுவதும் அலைந்த இந்தியப் படகு. அதில் இரண்டு பேர். ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மற்றவர் அவருடைய மருமகன், புது மாப்பிள்ளை. இருவரையும் கடற்கரையில் வலை வைக்கும் கிடுகுக் கொட்டிலில், நாங்கள் வாடி என்று சொல்வது, கொண்டுவந்து இருத்தினார்கள்.

ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. முந்திய கிழமைதான் அந்தப் பக்கத்து இழுவைப் படகுகள், றோலர்கள், கரையோரம் வரை வந்து எங்கள் ஆட்களின் வலைகளை அறுத்து நாசமாக்கிவிட்டுப் போயிருந்தன. வாடியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"வலையை அறுக்கக்குள்ள தெரியேல்லையா இது எங்கட கடல் எண்டு?" என்று ஒருவர் கத்தினார்.

"நாங்க ட்ராலர் இல்லீங்க. நாட்டுப்படகு. எஞ்சின் நின்னு போச்சு, காத்து இழுத்துட்டு வந்துருச்சு" என்றார் பெரியவர். கும்பிட்ட கையை அவர் இறக்கவில்லை.

அவர் சொன்னது உண்மை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கண் முன்னே கிடந்த படகு வெறும் சின்னப் படகு. ஆனால் அறுந்த வலைக்குச் சொந்தக்காரன் அன்று யாரையாவது பார்த்துக் கத்தியே ஆகவேண்டும். கத்தி ஓய்ந்தபின் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நேவிக்குச் சொல்ல வேண்டும். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறது, தொழுதுவிட்டு வந்து சொல்லலாம். அதுவரை ஒருவர் காவல் இருக்கட்டும்.

செய்தி கேட்டதும் உம்மா, "ரெண்டு பேரா?" என்றுதான் முதலில் கேட்டார். நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். அங்கே இரண்டு பேர், இங்கே இரண்டு பேர். வகுப்பில் இவ்வளவு நேராக வரும் கணக்கை நான் கண்டதில்லை.

"நேவிக்குக் குடுக்காதேங்கோ" என்றார் உம்மா, குளிக்கப் புறப்பட்ட வாப்பாவை மறித்து. "தம்பிய விடுங்கோ, நாங்கள் இவங்களை விடுறம் எண்டு சொல்லுவம்."

"ஆருக்குச் சொல்லுறது?"

அந்த மூன்று நான்கு மாதமாக உம்மாவுக்குப் பதில் கிடைக்காத கேள்வி அதுதான்.

"இவங்கள் என்ன தேங்காயா, மாத்திக் குடுக்கிறதுக்கு?" என்றார் வாப்பா. கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சல் வராதிருந்தால் மறியலில் இருந்திருக்க வேண்டியவர் தான்தான் என்ற நினைப்பு, மாமா போன நாளிலிருந்து வாப்பாவின் குரலைத் தாழ்த்தி வைத்திருந்தது.

"அப்ப சோறாவது குடுப்பம்."

"நோன்பு நாளில பகல் சோறா? பள்ளியில கஞ்சி காய்ச்சுவாங்கள். பின்னேரம் குடிக்கட்டும்."

"ராத்திரி முழுக்கக் கடலில கிடந்த மனுசர் பின்னேரம் வரைக்கும் பட்டினி கிடக்கிறதா? இஞ்ச நாங்கள் இவங்களை எப்படிப் பாக்கிறமோ அப்படித்தான் அங்க என்ர தம்பியப் பாப்பாங்கள்."

"இஞ்ச நீ சோறு குடுக்கிறது அங்க ஆருக்குத் தெரியப்போகுது?"

"தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்" என்று உம்மா முகட்டைப் பார்த்தார். வாப்பா அதற்கு மேல் வாதாடவில்லை. வெள்ளிக்கிழமை வேறு.

நாடுகள் ஒன்றையொன்று எப்படி நடத்துகின்றனவோ அப்படியே நடத்தப்படும் என்று ஒரு தத்துவம் எங்கள் பாடத்தில் வருகிறது. விரிவுரையாளர் அதைப் பலகையில் எழுதி, உலகப் போர்களிலிருந்து உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று கேட்டார். எங்கள் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது என்று சொல்ல முடியுமா?

உம்மா அடுப்பை மூட்டினார். நோன்பு மாதத்தில் எங்கள் ஊரில் பகலில் எந்த அடுப்பும் எரியாது. பின்னேரம் ஆனபிறகுதான் புகை கிளம்பும். அன்று நடுப்பகலில் எங்கள் கூரையிலிருந்து புகை எழும்ப, வேலிக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. உம்மா யாரையும் பொருட்படுத்தவில்லை. திருக்கை மீன் எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார். திருக்கை ஆணம், அதாவது குழம்பு, என்றால் மாமாவுக்கு உயிர். வாடியில் இருந்தவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று உம்மா யாரிடமும் கேட்கவில்லை, அவர்களுக்காக மட்டும் அவர் சமைக்கவும் இல்லை.

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது மாமி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேரே போய் அம்மியின் முன்னால் குந்தி, மிளகாயையும் கொத்தமல்லியையும் அரைக்கத் தொடங்கினார். தன் மாப்பிள்ளைக்கு அரைத்த கூட்டு எவ்வளவு மையாக இருக்க வேண்டும் என்று தனக்குத்தான் தெரியும் என்பது அந்த அரைப்பில் இருந்தது. தம்பிக்குத் தேங்காய்ப் பால் எவ்வளவு கெட்டியாக வேண்டும் என்று தனக்குத்தான் தெரியும் என்பது உம்மா பால் பிழிந்த விதத்தில் இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் ஒரு சட்டியைச் சுற்றிச் சுற்றி வேலை செய்தார்கள். எனக்கும் அன்று ஓட வேலை வரவில்லை. உம்மா கிணற்றடிக்குப் போனால் மாமி கிளறினார். மாமி சருகு அள்ளப் போனால் உம்மா கிளறினார்.

ருசி பார்ப்பதில்தான் சிக்கல். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளி மௌலவி சொல்லித்தான் இருந்தார். ஆனால் அந்தச் சலுகையை ஒருவர் கண் முன்னால் மற்றவர் எடுத்துக்கொள்ள இருவருக்கும் மனமில்லை. உம்மா அகப்பையோடு என்னைப் பார்த்தார். எனக்கு அன்று முதலாவது முழு நோன்பு. வீட்டில் எல்லாரும் என்னைப் பெரிய மனுசி ஆக்கி வைத்திருந்தார்கள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். உம்மாவும் பெருமையோடு விட்டுவிட்டார். மிச்சம் இருந்தது என் நாலு வயதுத் தம்பி. அவனுக்குச் சீனியைத் தவிர எல்லாமே உறைப்பு. ஆகவே ஒருவரும் ருசி பாராமல் ஆணம் இறங்கியது.

உம்மா சோற்றுச் சட்டியையும் ஆணச் சட்டியையும் தூக்க, நான் தண்ணீர்ப் பானையைத் தூக்க, வாடிக்குப் போனோம். மாமி வேலிக் கடப்படியில் நின்றுவிட்டார். காவலுக்கு இருந்தவர் உம்மாவைக் கண்டதும் எழும்பித் தள்ளி நின்றார்.

பெரியவர் சோற்றைப் பார்த்துவிட்டு உம்மாவைப் பார்த்தார். "நீங்கல்லாம் நோன்பு இருக்கீங்களேம்மா."

"நோன்பு எங்களுக்கு. நீங்கள் சாப்பிடுங்கோ."

அவர் கை கழுவி, பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்தார். ஒரு கணம் அவருடைய தாடை அசையவில்லை. பிறகு மென்று விழுங்கினார். மருமகனும் ஒரு கவளம் வைத்தார். அவர் கண் அகலத் திறந்து மாமனாரைப் பார்த்தார். மாமனார் ஒரே ஒரு பார்வை பார்த்தார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடத் தொடங்கினார். அதன்பிறகு இரண்டு பேரும் தலை நிமிரவே இல்லை. தண்ணீர் மட்டும் கேட்டுக் கேட்டுக் குடித்தார்கள். கடலில் கிடந்தவர்களுக்குத் தாகம் இருக்கும்தானே என்று நான் வார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஆணம் எப்படி?" என்று உம்மா கேட்டார்.

"எங்க வீட்டுல சாப்பிட்ட மாதிரி இருக்கும்மா" என்றார் பெரியவர். தட்டில் ஒட்டியிருந்ததையும் வழித்து உண்டார்.

உம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பல மாதமாகக் கண்டதில்லை. அந்தத் துணிச்சலில்தான், வீட்டிலிருந்து சுமந்துகொண்டு வந்த கேள்வியைக் கேட்டார். "என்ர தம்பி அங்க உங்கட நாட்டு மறியலில இருக்கிறான். படகு பழுதாகி வந்தவன்தான், உங்களைப் போல. அங்க பிடிச்சு வைச்சிருக்கிற ஆக்களுக்குச் சாப்பாடு ஒழுங்காக் குடுப்பாங்களா?"

பெரியவர் வாடிக்கு வெளியே நின்ற காவல்காரரைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"குடுப்பாங்கம்மா. நல்லாவே குடுப்பாங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

திரும்பி வரும்போது உம்மாவின் நடையே வேறாக இருந்தது. "அந்த ஆள் சொன்னதைக் கேட்டாய்தானே? உன்ர மாமிக்கும் சொல்லு" என்றார். நான் முன்னால் ஓடிப்போய் மாமியிடம் சொன்னேன். மறியலில் நல்ல சாப்பாடு கொடுக்கிறார்களாம், இந்தியாக்காரரே சொன்னார். நான் கொண்டுபோன செய்திகளில் அழுத்தம் இறக்கத் தேவைப்படாத செய்தி அது ஒன்றுதான். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின்னேரம் நேவி வந்தது. நானும் பிள்ளைகளோடு பிள்ளையாக ஓடிப்போய்ப் பார்த்தேன். அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்க, கூட்டம் பின்வாங்கியது. வாப்பா முன்னுக்குப் போனார். புத்தளத்துச் சந்தையில் மீன் விற்றுப் பழகிய சிங்களம் அவருக்கு. "ட்றோலர் நெமேய் சேர். பொடி போட்டுவ" என்றார். றோலர் இல்லை, சின்னப் படகு என்று அதற்கு அர்த்தம். இஞ்சினைத் திறந்து காட்டி, பழுதானது எது என்றும் சொன்னார். அறுந்த வலைகளில் வாப்பாவிடம் மிச்சமிருந்த வலையும் ஒன்று. கூட்டத்தில் ஒருவர் காறித் துப்பினார். வாப்பா காதில் வாங்காதவர் போல இஞ்சினை மூடினார். இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது பெரியவர் யாரையோ தேடுவதுபோல வாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உம்மா அங்கே இருக்கவில்லை. பாங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

நோன்பு திறந்தோம். பேரீச்சம்பழம், பள்ளிக் கஞ்சி, எனக்காக விசேடமாகச் செய்த பெட்டிஸ். மஃரிப் தொழுதுவிட்டு உம்மா மிச்சமிருந்த சோற்றில் மிச்சமிருந்த ஆணத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் எழும்பி வெளியே ஓடினார். நானும் விரலால் தொட்டுப் பார்த்தேன். கடல் தண்ணீரே பரவாயில்லை.

உம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். என்னை அனுப்பவில்லை.

"புள்ள, நீயும் உப்புப் போட்டனியா?"

பிறகு மாமி இருட்டில் வந்து வாசலில் நின்றார். "ஓம் மதினி. நீங்களும் போட்டனீங்களா?"

"ஓம். ரெண்டு தரம்."

"நானும் ரெண்டு தரம் போட்டன்."

முதலில் சிரித்தது யார் என்று ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா போன பிறகு அந்த வளவில் கேட்ட முதல் சிரிப்பு அது. வாப்பாகூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "அந்த மனுசன் வழிச்சுச் சாப்பிட்டவர் புள்ள. எங்க வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கெண்டவர்!" என்று சொல்லிச் சொல்லி உம்மா சிரித்தார். மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார்.

அப்படியே உம்மாவின் சிரிப்பு நின்றது.

"அங்க மறியலில நல்ல சாப்பாடு குடுப்பாங்கள் எண்டு சொன்னதும் அவர்தான்" என்றார்.

மாமி அவரைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அழுதார்கள். நல்ல திருக்கை மீன் வீணாகிவிட்டதற்காக அழுகிறார்கள் என்று நான் நினைத்தேன். அடுத்த முறை நானே ருசி பார்க்கிறேன், நோன்பை வேறொரு நாளைக்குப் பிடிக்கலாம் என்று ஆறுதலும் சொன்னேன்.

படிப்பின் ஒரு பகுதியாக இப்போது அரசாங்க அறிக்கைகள் நிறைய வாசிக்கிறேன். பிடித்து வைக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வசனம் எல்லா நாட்டு அறிக்கையிலும் வரும். அவர்கள் நல்ல முறையில் நடத்தப்படுகிறார்கள், குறை எதுவும் தெரிவிக்கவில்லை. கூடப் படிப்பவர்கள் அதை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். என்னால் முடிவதில்லை. கேட்டது யார், கேட்கும்போது வாசலில் காவலுக்கு நின்றது யார் என்று தோன்றும். வாடியில் சாப்பிட்ட அந்தப் பெரியவரும் எங்களிடம் குறை எதுவும் தெரிவிக்கவில்லை. பயத்தில் சொல்லவில்லையா, உம்மாவின் மனம் நோகக் கூடாதென்று சொல்லவில்லையா, இரண்டும்தானா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சம்பளம் வாங்கும் ஒருவர் எங்கேயாவது இருக்க வேண்டும் என்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அது நானாக இருந்தால் நல்லது என்று ஆசைப்படுகிறேன். என்னுடைய இலட்சியம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

வாடியில் இருந்த இருவரையும் நீதிமன்றம் விடுவித்துவிட்டது என்று பிறகு வாப்பா அறிந்து வந்து சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் மாமாவும் கூட்டாளியும் வந்து சேர்ந்தார்கள். எப்படி விட்டார்கள் என்பதில் எங்கள் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. கொழும்பில் பெரிய ஆட்கள் பேசி முடித்ததுதான் காரணம் என்பது வாப்பாவின் கட்சி. மாமி தன்னுடைய நேர்ச்சை என்றார். உம்மா தான் போட்ட சோற்றை நினைத்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை படித்தும் இதில் யார் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மாமா வந்த அன்று பகல், உம்மாவும் மாமியும் சேர்ந்து சமைத்தார்கள். இந்த முறை இரண்டு பேரும் ருசி பார்த்தார்கள். மாமா மெலிந்து, தாடி வைத்து, வேறு யாரோ போலப் பாயில் இருந்தார். எல்லாரும் சுற்றி இருந்தோம். அவர் நாலைந்து கவளம் சாப்பிடும்வரை பொறுத்திருந்துவிட்டு உம்மா கேட்டார்.

"அங்க சாப்பாடு எப்படித் தம்பி?"

மாமா நிமிரவில்லை. "நல்லாத்தான் குடுத்தவங்கள் ராத்தா. ஒரு குறையும் இல்ல."

மாமி எழும்பி அடுப்படிக்குப் போனார். உம்மா இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. "பாத்தீங்களா உம்மா! அந்த ஆள் சொன்னது சரிதானே?" என்று கத்தினேன்.

"ஓம் மகள்" என்றார் உம்மா, என்னைப் பாராமலே. ஒரு அகப்பை சோறு எடுத்து மாமாவின் தட்டில் போட்டார். அதை அவர் முடித்ததும் இன்னொரு அகப்பை போட்டார். அதற்குப் பிறகும் போட்டார். மாமா ஒரு தடவைகூடப் போதும் என்று சொல்லவில்லை. உம்மாவின் கைச் சமையல் அவருக்கு அவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைத்தேன்.